போர்ச்சுகல் போன மகளும் ஸ்டான்லி அண்ணனின் காலும்

ஸ்டான்லி அண்ணன் 'தெரியாது' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் அவர் கடையும் என் கடையும் ஒட்டினாற்போல இருக்கின்றன. அவருடையது வாஷ்பேசின், கக்கூஸ் கோப்பை, பீங்கான் சாமான் விற்கிற கடை. என்னுடையது பெயின்ட், ஆணி, தாழ்ப்பாள் விற்கிற கடை. நடுவில் ஒரு சுவர்தான். அவர் குரலுக்கு அந்தச் சுவரெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

ஒருநாள் திட்டக்குடி போக வேண்டிய ஒருவர் வந்து பஸ் கேட்டார். அண்ணன் ஒரு நொடிகூடத் தயங்காமல் எதிரே நின்ற பஸ்ஸைக் காட்டி, பையையும் வாங்கி உள்ளே வைத்து, கையசைத்து அனுப்பிவிட்டு வந்தார்.

"ஏண்ணே, அது உளுந்தூர்பேட்டை போற பஸ்ஸாச்சே?" என்றேன்.

"அதனால என்னா பாணி? அங்கேருந்து எல்லா ஊருக்கும் பஸ்ஸு இருக்குது" என்றார்.

பாணி என்பது நான்தான். முழுப்பெயர் கோதண்டபாணி. ஒருமுறை அவர் சொன்ன யோசனையை நம்பி என் கடை வாசலுக்கு நானே அடித்த பெயின்ட் ஒரே மழையில் தெருவுக்கு ஓடியது. ஆனாலும் மறுநாள் அவரிடமே போய் அடுத்த யோசனை கேட்டேன். அவர் அப்படித்தான், நானும் அப்படித்தான். தப்பான பஸ்ஸில் ஏறிய யாரும் சண்டை போடத் திரும்பி வருவதில்லை. வந்தவர்கள் எல்லாம் சரியான பதில் கிடைத்தவர்கள். அப்படியே அவருக்கு ஊரில் பெரிய பெயர் வந்துவிட்டது.

இதை அவர் ஒருவருடைய குணம் என்று சொன்னால் ஊர் கோபித்துக்கொள்ளும். கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. பழமலைநாதர் கோயிலுக்கு வழி கேளுங்கள், ஆட்டோ ஸ்டாண்டில் நாலு பேர் நாலு வழி சொல்வார்கள். அதில் ஒருவர் நேற்றுதான் இந்த ஊருக்கு வந்திருப்பார். மூட்டுவலி என்று சொல்லிப் பாருங்கள், டீ ஆறுவதற்குள் மூன்று வைத்தியம் கிடைக்கும். தெரியாது என்று சொல்கிறவனை எங்களூரில் கர்வம் பிடித்தவன் என்பார்கள். ஸ்டான்லி அண்ணன் இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் கூடுதல் அக்கறையோடு செய்தார், அவ்வளவுதான்.

அவர் இளவயதில், எங்கள் ஊரில் நிறைய இருக்கிற செராமிக் யூனிட்டுகளில் ஒன்றில் அச்சு வேலை செய்தவர். களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துப் பாலாக்கி, பிளாஸ்டர் அச்சில் ஊற்றி வைப்பார்கள். அச்சு தண்ணீரை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். மண் ஓரத்தில் கெட்டியாகப் பிடித்துக் கோப்பையாக நிற்கும். உலகத்தில் உள்ள எல்லாச் சங்கதியும் இதற்குள் அடக்கம் என்று அண்ணன் நம்பினார். யார் வீட்டுச் சுவரில் ஓதம் ஏறினாலும், யார் மகனுக்கு ஜலதோஷம் பிடித்தாலும், யார் வீட்டு மருமகள் பேசாமல் இருந்தாலும், "ஈரத்தை இழுத்துட்டா எல்லாம் சரியாப் போயிடும்" என்பார். பிறகு யூனிட்டை விட்டு வந்து, கொஞ்சம் கோணல்மாணலாகிக் கழிக்கப்பட்ட வாஷ்பேசின்களை வாங்கி விற்கத் தொடங்கி, கடை வைத்து, ரீட்டா அண்ணியைக் கட்டி, ஒரே ஒரு பெண்ணைப் பெற்றார்.

அந்தப் பெண் ஆன் மேரி எப்படி இவருக்குப் பிறந்தாள் என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம். வாய் திறக்க மாட்டாள். ஒன்று கேட்டால் கொஞ்ச நேரம் யோசிப்பாள். பன்னிரண்டாவதிலும் நுழைவுத் தேர்விலும் நல்ல மார்க் வாங்கி, அரசு மருத்துவக் கல்லூரியில் தன் சொந்தப் படிப்பில் இடம் பிடித்தாள். "பயாலஜி மட்டும் நான் சொல்லிக் குடுத்தேன்" என்று அண்ணன் தெருவெல்லாம் சொன்னார். அவர் பிளஸ் டூவில் படித்தது வணிகவியல். அதிலும் தேறவில்லை.

கடைசி வருஷத்தில் அவளுக்குப் போர்ச்சுகலில் உள்ள ஓர் ஆஸ்பத்திரிக்கு ஒரு மாதம் போகிற வாய்ப்பு வந்தது. மாணவர் பரிமாற்றம் என்று பெயர். அங்கே படிக்கிற பிள்ளை ஒன்று இங்கே வந்து பார்க்கும், இங்கே படிக்கிற பிள்ளை அங்கே போய்ப் பார்க்கும். பார்ப்பதோடு சரி. நோயாளியைத் தொடக்கூட அங்கே இருக்கிற டாக்டர் அனுமதிக்க வேண்டும். ஆன் மேரி இதை அப்பாவிடம் பொறுமையாக, இரண்டு தடவை, என் முன்னால்தான் சொன்னாள். அண்ணனும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

அந்த வாரமே ஜங்ஷன் ரோட்டில் ஃப்ளெக்ஸ் கட்டினார். 'போர்ச்சுகல் நாட்டின் அழைப்பை ஏற்று அறுவை சிகிச்சைப் பணிக்குச் செல்லும் எங்கள் குல விளக்கே!' என்று எழுதி, ஸ்டெதஸ்கோப் மாட்டிய ஆன் மேரியை ஆளுயரத்துக்கு நிற்க வைத்திருந்தார். பின்னால் ஒரு பெரிய இரும்புக் கோபுரம். "அது பாரீஸுல இருக்கறதுண்ணே" என்றேன். "எல்லாம் ஒரே பக்கம்தான் பாணி" என்றார். ஆன் மேரி அந்த ஃப்ளெக்ஸைப் பார்க்காமல் இருப்பதற்காக ஊருக்குக் கிளம்புகிற வரைக்கும் பின்தெரு வழியாகவே நடந்தாள்.

போர்ச்சுகல் என்ற பெயரைக் கேட்டதும் மாதா கோயில் தெருவில் வேறு ஒரு கிளர்ச்சி உண்டாயிற்று. பாத்திமா மாதா காட்சி கொடுத்த நாடு அல்லவா? ஒரு டஜன் பெண்கள் ஜெபமாலைகளைக் கொண்டுவந்து, மாதா பாதத்தில் வைத்து எடுத்து வரும்படி சொன்னார்கள். "அங்கேருந்து கோயிலு தூரமா?" என்று யாரோ கேட்டார்கள். ஆன் மேரி வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிர்லதான் கோயிலு. நடந்தே போயிடலாம்." பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஜெபமாலைப் பொட்டலம் அவள் துணிமணியைவிடப் பெரிதாகிவிட்டது.

அவள் விமானம் ஏறிய வாரத்தில் கடையில் ஒரு பேசின் அடுக்கிலிருந்து சரிந்து உடைந்தது. சில்லு ஒன்று அண்ணனின் வலது காலில், சுண்டு விரலுக்குக் கீழே கிழித்துவிட்டது. சின்னக் காயம்தான். ஆனால் அவருக்குச் சர்க்கரை உண்டு. அதற்கு மாத்திரையும் உண்டு. கல்யாண வீட்டில் இனிப்புச் சாப்பிட்ட நாளில் மட்டும் ஒன்று போட்டுக்கொள்வார். மற்ற நாளில் எதற்கு என்பது அவர் கேள்வி.

காயம் ஆறாமல் கசிந்துகொண்டே இருந்தது. ரீட்டா அண்ணி பயந்துபோய் என்னிடம் வந்து, "தம்பி, நீயாவது சொல்லேன். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கறாரு" என்றார். நான் போய்ச் சொன்னேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, பழைய பிளாஸ்டர் அச்சு ஒன்றை உடைத்து அம்மியில் அரைத்த பொடியைப் புண்ணின்மேல் தூவிக்கொண்டிருந்தார்.

"என்னாண்ணே இது?"

"அச்சுப் பொடி. எவ்ளோ பெரிய கோப்பையோட ஈரத்தையே இழுத்துடுது. இத்துனூண்டு புண்ணோட ஈரத்தை இழுக்காதா?"

உண்மையைச் சொல்லிவிட வேண்டும், எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் பிறந்த எவனுக்கும் பட்டிருக்கும். அச்சு ஈரம் குடிப்பதைச் சின்ன வயதிலிருந்து கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். பொடி போட்ட கொஞ்ச நேரத்தில் கசிவு நின்று, புண்ணின்மேல் வெள்ளையாக, வழவழப்பாக, புதுக் கிண்ணத்தின் அடிப்பாகம் மாதிரி ஓர் ஓடு கட்டிக்கொண்டது. அண்ணன் அதை விரலால் தட்டிக் காட்டினார். "பாத்தியா? வலியே இல்ல."

"இருந்தாலும் ஒருவாட்டி காட்டிட்டு வந்துடலாம்ணே."

"வெளிநாட்டு டாக்டரு நம்ம வூட்டுக்கே வருது. இப்பப் போயி நான் அந்த வரிசையில சீட்டு வாங்கிக்கிட்டு நிக்கணுமா? பொண்ணு பேரு என்னாவறது?"

ஆக, மகளின் பெயரைக் காப்பாற்றுவதற்காக அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மகள் தினமும் சாயங்காலம் வீடியோ கால் செய்வாள். அண்ணன் போனைக் கடை மேஜையில் நிறுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, சாமான் வாங்க வந்தவர்களையும் கூப்பிட்டு உட்கார வைப்பார். தன் முகத்தை மட்டும் காட்டுவார். கால் மேஜைக்கு அடியில் இருக்கும்.

"இன்னிக்கு என்னா ஆபரேஷன்மா?"

"நான் ஒண்ணும் பண்ணலப்பா. ஒரு ஓரமா நின்னு பாத்தேன். பாஷை வேற புரியல. ஒரு பாட்டி என்னைக் காபி கொண்டுவர்ற பொண்ணுன்னு நெனச்சு சக்கரை கேட்டாங்க."

போனை வைத்ததும் அண்ணன் கூடியிருந்தவர்களிடம், "இவ வந்து நின்னாத்தான் அங்க ஆபரேஷனே ஆரம்பிக்கறாங்களாம்" என்றார். எல்லாரும் அதை அப்படியே ஒப்புக்கொண்டார்கள். எல்லாரும் என்றால் அவள் பேசியதைக் காதாரக் கேட்டவர்கள்தான்.

இன்னொரு நாள் அவள் கொஞ்சம் உற்சாகமாகப் பேசினாள். "இங்க பெரிய டாக்டரு ஒருத்தரு இருக்காருப்பா. நோயாளி ஏதாவது கேட்டா, 'எனக்குத் தெரியல, பாத்துட்டுச் சொல்றேன்'னு அவங்க முகத்துக்கு நேரா சொல்றாரு. யாரும் கோச்சுக்கறதில்ல."

அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. "அந்த மாதிரி ஆளுக்கெல்லாம் யாரு டாக்டர் பட்டம் குடுத்தது? நீ அவருக்குப் பக்குவமா எடுத்துச் சொல்லும்மா."

அவள் திரும்பி வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அண்ணன் செய்த ஏற்பாடு ஊரே அறிந்தது, அவளைத் தவிர. கடை வாசலில் சாமியானா போட்டு, மேஜை நாற்காலி, மைக், மாலை எல்லாம் தயார். 'வெளிநாடு ரிட்டர்ன் டாக்டர் நடத்தும் இலவச மருத்துவ முகாம்' என்று இன்னொரு ஃப்ளெக்ஸ். அவள் சென்னையிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கியதும், ஆட்டோவில் ஏற்றி நேரே கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். பூசை முடிந்து வந்த கூட்டம் ஒரு பக்கம், கருவேப்பிலங்குறிச்சி வரைக்கும் சொல்லி அனுப்பியதில் வந்த கூட்டம் ஒரு பக்கம். அண்ணன் கோட்டு போட்டிருந்தார். அதற்குப் பொருத்தமாகக் கறுப்பு ஷூவும் வாங்கி மாட்டியிருந்தார். நடை கொஞ்சம் இழுத்தது. "புது ஷூ, அப்படித்தான் இருக்கும்" என்று யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிக்கொண்டார்.

முதலில் வந்தவர் சொர்ணாம்பாள். கருவேப்பிலங்குறிச்சியில் முந்திரித் தோப்பு வைத்திருக்கிற அம்மாள். எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் ஒரு மஞ்சள் பை நிறையக் கொண்டுவந்திருந்தார்.

"இடுப்புலேருந்து கால் வரைக்கும் இழுக்குதும்மா. எதனால?"

ஆன் மேரி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். யோசித்தாள். பிறகு தெளிவாக, மைக்கில், "எனக்குத் தெரியலைங்கம்மா. நான் இன்னும் படிக்கிற பொண்ணு. எலும்பு டாக்டருகிட்ட காட்டணும்" என்றாள்.

அண்ணன் பாய்ந்து மைக்கைப் பிடித்தார். "அதாவது, என்னா சொல்லுதுன்னா, வெந்நீர் ஒத்தடம் குடுத்துட்டு, கெழங்கு வகையெல்லாம் நிறுத்தச் சொல்லுது!"

"அப்பா, நான் அப்படிச் சொல்லல."

"அடுத்தவங்க வாங்க!"

இப்படியே போயிற்று. அவள் தெரியவில்லை என்பாள். அவர் அதை ஒரு வைத்தியமாக மாற்றி மைக்கில் அறிவிப்பார். ஜனங்கள் அவள் சொன்னதை விட்டுவிட்டு அவர் சொன்னதை எடுத்துக்கொண்டு திருப்தியோடு போனார்கள். சொர்ணாம்பாள் மட்டும் என் கடைப் படியில் உட்கார்ந்து, "ஏரோப்பிளேன்ல போயிட்டு வந்தும் ஒரு ஊசி போடத் தெரியல. செலவுதான் மிச்சம்" என்று புலம்பினார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அந்த முகாமைப் போல ஒரு வேடிக்கையை நான் பார்த்ததில்லை.

அப்போது ஆன் மேரி எழுந்து நின்றாள். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். மூக்கைச் சுருக்கினாள். எனக்கும் அப்போதுதான் அந்த வாடை வந்தது. மாலையிலிருந்த மல்லிகையையும் தாண்டி வந்தது.

"அப்பா, ஷூவைக் கழட்டுங்க."

"அப்பறம் பாக்கலாம்மா, சனங்க காத்திருக்காங்க."

அவள் எல்லாருக்கும் முன்னால் தரையில் மண்டியிட்டுத் தானே கழற்றினாள். சாக்ஸ் நனைந்திருந்தது. உள்ளே வெள்ளை ஓடு அப்படியே, வழவழப்பாக இருந்தது. "பாரு, நல்லா ஆறிட்டிருக்குது" என்று அண்ணன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். ஆன் மேரி தண்ணீர் பாட்டிலைத் திறந்து மெதுவாக ஊற்றினாள். ஓடு பெயர்ந்து வந்தது. அடியில் சுண்டு விரலும் பக்கத்து விரலும் கரியாக இருந்தன. கருமை பாதத்துக்குள் ஏறத் தொடங்கியிருந்தது.

"வலிக்குதாப்பா?"

"துளிகூட இல்லம்மா. அதான் சொல்றேனே."

"வலிக்காததுதாம்பா பயமா இருக்குது" என்றாள். ரீட்டா அண்ணி மாலையைக் கீழே போட்டுவிட்டுக் கத்த ஆரம்பித்தார். நான் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

ஊர் ஆஸ்பத்திரியில் புண்ணைக் கழுவி, சர்க்கரை பார்த்துவிட்டு, ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அறுவை சிகிச்சை டாக்டர் வந்து பார்த்தார். "அழுகல் எதுவரைக்கும் போயிருக்குன்னு திறந்து பாத்தாத்தான் சொல்ல முடியும். விரலோட நின்னாலும் நிக்கலாம், காலே போனாலும் போகலாம்" என்றார். அண்ணனைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து, தியேட்டர் கதவுக்கு வெளியே நிறுத்தினார்கள். கோட்டைக் கழற்றி அண்ணியிடம் கொடுத்திருந்தார்கள். கோட்டு இல்லாமல் அவர் ரொம்பச் சின்ன ஆளாகத் தெரிந்தார்.

"ஆன் மேரி, கால எடுத்துடுவாங்களா?"

அவள் அவர் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். "தெரியலப்பா" என்றாள்.

"நீ டாக்டருக்குப் படிச்ச பொண்ணு. ஒரு வார்த்த சொல்லும்மா. எடுக்க மாட்டாங்கன்னு சொல்லு."

"உள்ள போயிப் பாத்தாத்தாம்பா தெரியும். இப்ப எனக்குத் தெரியல."

எனக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. பெற்ற அப்பன் கண்ணில் தண்ணீரோடு கேட்கிறார், ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்? எந்த ஊரில் போய் இந்தக் கல்நெஞ்சைக் கற்றுக்கொண்டு வந்தாள்? அவளும் அழுதுகொண்டிருந்தாள் என்பதை நான் கவனிக்கவில்லை.

அண்ணன் தலையைத் திருப்பி என் கையைப் பிடித்தார். "பாணி, நீ சொல்லுடா."

"ஒண்ணும் ஆவாதுண்ணே!" என்றேன். கேட்ட மாத்திரத்தில் வந்துவிட்டது. "கால் அப்படியே இருக்கும். எனக்கு நல்லாத் தெரியும். எங்க பெரியப்பாவுக்கு இதவிட மோசமா இருந்துது, இப்ப சைக்கிள் ஓட்டறாரு."

எனக்குப் பெரியப்பாவே கிடையாது.

அண்ணன் என்னைப் பார்த்தார். அப்படி அவர் என்னைப் பார்த்ததே இல்லை. ஆயுசு முழுக்க அந்தச் சரக்கை விற்றவர் அவர். யாரும் அவருக்கு அதை விற்க முடியாது. என் கையை மெதுவாக விட்டார். திரும்பி மகளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். கதவு திறந்து வண்டியை உள்ளே தள்ளுகிறவரை அவர் அந்தக் கையை விடவில்லை. எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது.

மூன்று விரல்களை எடுத்தார்கள். கால் தப்பியது. மறுநாள் நான் போனபோது கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார். ஆன் மேரி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கட்டிலருகே போய், சத்தம் வராமல், "நான்தான் சொன்னேனேண்ணே, கால் அப்படியே இருக்கும்னு" என்றேன்.

அண்ணன் தலையை என் பக்கம் திருப்பினார். பிறகு, எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"உனக்கு எப்படிறா தெரிஞ்சுது?"

டீ வாங்கி வருகிறேன் என்று ஃப்ளாஸ்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.